சிக்னல் எட்டாத அறை

பெட்டியை எங்கே வைப்பது என்று முபாரக் கேட்டு இரண்டு நிமிஷமாவது ஆகியிருக்கும். தையல்நாயகி பதில் சொல்லவில்லை. கேள்வி ஒன்றும் மலையைப் புரட்டுகிற கேள்வி இல்லை. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் முதுகில் இரண்டு கொம்பு. ஏதாவது ஒரு மூலையைக் கைகாட்டினால் மாட்டிவிட்டுப் போய்விடுவார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரைக்குள் முடித்தால் தொழுகைக்குப் போய்விடலாம் என்று வரும்போதே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். மணி பத்தே முக்கால். ஆனாலும் அவள் ஹால் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற பழைய டப்பாவையும், அதிலிருந்து கிளம்பிச் சுவரோடு சுவராகக் கம்ப்யூட்டர் மேஜைவரை போகிற நீல ஒயரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். சாணுக்கு ஒரு கிளிப். ஒன்றாவது கோணல் இருக்கிறதா என்று தேடினாலும் கிடைக்காது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே முபாரக் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தபோது, கிளிப்பை இஷ்டத்துக்கு அடிக்கிறாயே என்று அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, முழங்காலைத் தரையில் ஊன்றி, அத்தனையையும் தானே அடித்தவர் அவள் கணவர் சிங்காரவேலு. தொலைபேசி இலாகாவில் முப்பத்தேழு வருஷம் லைன் பார்த்த மனுஷர். ஒயர் என்றால் நேர் என்பார். கையால் தொட்டுக்கொண்டே போனால் பழுது எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார். காற்றில் வருகிற இணைப்பெல்லாம் வீட்டுக்குள் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாததை எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பது என்று அவர் ஒரே பிடியாக நின்றதில்தான் இத்தனை வருஷம் இந்த வீட்டில் வைஃபை வரவில்லை. இப்போது வருகிறது. வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. உள் ரூமில் கட்டிலில் கிடக்கிறார், பக்கவாதம் வந்து இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது, வாயிலிருந்து ம் என்கிற முனகலுக்கு மேல் எதுவும் வருவதில்லை.

வைஃபை அவளுக்காக வரவில்லை. மகள் கயல்விழி ஆக்லாந்திலிருந்து ஆர்டர் போட்டு நேற்று வந்து சேர்ந்த கேமராவுக்காக வருகிறது. முட்டை அளவில் ஒரு கண். ஒயரில் வேலை செய்யாதாம், காற்றில்தான் செய்யுமாம். அதை அப்பாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தால் மகள் அங்கே ஆபீசில் உட்கார்ந்தபடி செல்போனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். திங்கட்கிழமை புது ஆள் வேலைக்கு வருகிறாள், அவள் அப்பாவை எப்படிக் கவனிக்கிறாள் என்று பார்க்க. புது ஆளைப் பார்க்க. தையல்நாயகி இந்த வார்த்தைகளை நேற்று சாயந்திரத்திலிருந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். புது ஆள் காலை எட்டுக்கு வருவாள், மாலை ஆறுக்குப் போவாள், நடுவில் சாப்பிடப் போவாள், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள். கண் எங்கேயும் போகாது. அந்தக் கண் புது ஆளைப் பார்ப்பதைவிட அதிகமாக யாரைப் பார்க்கும் என்று மகளுக்குத் தெரியவில்லை, பெற்றவளுக்குத் தெரியும்.

முபாரக் மறுபடியும் கேட்டார். இங்கேயே பழைய டப்பாவுக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டால் சுலபம் என்று அவராகவே ஒரு வழியும் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். பெட்டி ஏறியது, பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. முபாரக் செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார், கோடு எத்தனை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே. ஹாலில் நாலு கோடு. சமையல்கட்டு வாசலில் மூன்று. உள் ரூம் நிலைப்படியில் இரண்டு. உள்ளே போனார், சார் நல்லா இருக்கீங்களா, நான்தான் முபாரக், அன்னிக்குக் கிளிப்புக்குத் திட்டினீங்களே என்று அவர் குரல் கேட்டது. பதிலுக்கு ம் என்ற முனகல். பிறகு முபாரக் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார். நடுவில் பாத்ரூம் சுவர், அதில் டைல்ஸ், அதை ஒட்டி இரும்பு பீரோ, பீரோ கதவில் ஆள் உயரக் கண்ணாடி, எல்லாம் சேர்ந்து சிக்னலைக் குடித்துவிடுகிறதாம். கட்டில் பக்கம் ஒன்றுமே இல்லை, கேமரா எடுக்காது என்றார். எடுக்காது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அவளை அறியாமல் வெளியே போயிற்று. அந்த பீரோ அவள் கல்யாணச் சீர். நாற்பத்தாறு வருஷமாக அந்த இடத்தில் நிற்கிறது. அதை நகர்த்து என்று யார் சொல்லப் போகிறார்கள். சிக்னல் வரலடி, நான் என்ன பண்றது என்று மகளிடம் சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. முபாரக்கையே போனில் பேசச் சொல்லலாம், அவர் குரானைத் தொட்டு வேண்டுமானாலும் சொல்வார். கயல் இரண்டு நாள் குதிப்பாள், அப்புறம் அவளுக்கு அவள் வேலை.

ஆனால் முபாரக் வேலையைத் தெரிந்தவர், அதுதான் வினை. இன்னொரு வழி இருக்குதும்மா என்றார். இந்த டப்பாவிலிருந்தே ஒரு ஒயரை நீட்டி, சுவரில் ஓட்டை போட்டு, உள் ரூமுக்குள் கொண்டுபோய், பெட்டியை அந்த ரூமிலேயே மாட்டிவிட்டால் நாலு கோடும் நிற்கும். பாதி வேலை சாருக்குப் பிடித்த மாதிரி ஒயர், மீதிதான் காற்று என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். ஓட்டை எல்லாம் எதுக்குத் தம்பி, சுவர் வீணாப் போயிடும், ஹால்லயே இருக்கட்டும் என்றாள். பொண்ணு கேமராவுக்குன்னு சொன்னாங்களே என்று அவர் இழுத்தார். நான் பேசிக்கிறேன் என்றாள். அவர் மேற்கொண்டு வாதாடவில்லை, பாஸ்வேர்டு வைக்கணும், ஒரு பேர் சொல்லுங்க என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளுக்கு எந்தப் பேரும் வரவில்லை. வந்த ஒரே பேர் ரோசாலி. அதைச் சொல்லிவிடப் போகிறோமோ என்று பயந்து, நீங்களே ஏதாவது போடுங்க என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். பதினோரு மணிக் கஞ்சிக்கு நேரமாகிவிட்டது.

ரோசாலி. பதினாலு மாதம் இந்த வீட்டில் வேலை பார்த்தவள். வெடவெடவென்று ஆள், கைகள் மட்டும் பெரிசு. ஐயா ஐயா என்று பேசிக்கொண்டே அவரைப் புரட்டிப் போடுவாள், துடைப்பாள், பவுடர் போடுவாள், ஒரு முகச்சுளிப்பு கிடையாது. பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும் தையல்நாயகிக்கு. கூலிக்கு வந்தவளுக்கு வருகிற பொறுமை கழுத்தை நீட்டினவளுக்கு ஏன் வரவில்லை? முதல் தடவை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரோசாலி சர்ச்சுப் பூசைக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து மூன்று தடவை துணி மாற்றியாயிற்று. கஞ்சியை வாயில் ஊட்டுகிறாள், அவர் துப்புகிறார். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுகிறாள், மறுபடி துப்புகிறார். துப்பிவிட்டு அவளையே பார்க்கிறார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. கத்தரிக்காயைப் பெரிதாக நறுக்கிவிட்டாய், அடுப்பை இந்தப் பக்கம் திருகு, கதவைச் சாத்தினால் சத்தம் வராமல் சாத்து என்று நாற்பது வருஷமாகச் சொன்ன பார்வை, வாய் போனபிறகும் கண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, வீட்டுக்கு ஒரு குறை வைத்ததில்லை. எல்லாம் நேராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அவள்தான் நேராக இல்லை. அவள் கை போய் அவருடைய விழுந்துபோன வலது கையில், அக்குளுக்குக் கீழே, மெத்தென்ற இடத்தில் நகத்தை வைத்துத் திருகியது. திருகினேன் என்றுகூட அவள் மனதுக்குள் சொல்வதில்லை, கை திருகியது என்றுதான் வருகிறது. அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று உடனே தனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அசைவுதான் போச்சு, உணர்ச்சி இருக்கும்மா என்றுதான் சொன்னார். அவளுக்கு எது தோதோ அதைக் கேட்டுக்கொண்டாள். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அதையும் துடைத்தாள். துடைக்கிறோமே, கவனித்துக்கொள்ளத்தானே செய்கிறோம் என்று நினைத்தாள். அழுகையும் வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது. அடுத்த ஞாயிறு வராமலா போகும்?

போன மாதம் கயல்விழி பத்து நாள் லீவில் வந்தாள். மூன்றாம் நாள் திங்கட்கிழமை, அப்பாவுக்கு நான் சட்டை மாற்றுகிறேன் என்று ஆசையாகப் போனவள் அந்தக் கையைத் தூக்கினாள். பழையது மஞ்சளாக, அதற்கடுத்தது பச்சையாக, புதுசு கருநீலமாக. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள், அப்பாவைப் போலவே, பழுது எங்கே என்று தேடுகிற மாதிரி. யாரும்மா இதைப் பண்ணது என்றாள். அந்த நேரத்தில் ரோசாலி வாளியோடு வாசற்படியில் நின்றாள். எனக்கெப்படித் தெரியும், நான் பாக்கலையே என்றாள் தையல்நாயகி. அவ்வளவுதான் அவள் சொன்னது. ரோசாலி பேரை அவள் எடுக்கவே இல்லை, இதைப் பதினெட்டு நாளாகத் தனக்குத் தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாயிற்று. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. வீட்டில் மூன்று பேர், ஒருவர் கட்டிலில், ஒருத்தி பெற்றவள், மகளின் விரல் வேறு எங்கே போய் நிற்கும்? கயல் கத்தினாள், போலீஸ் என்றாள். கட்டிலில் இருந்தவர் ம் ம் என்று இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். அப்பா எவ்வளவு பயந்திருக்கார் பாரு, இவ போற வரைக்கும் அடங்கமாட்டார் என்றாள் மகள். ரோசாலி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு கேட்டுவரைக்கும் போனாள். கேட்டைச் சாத்தப் போன தையல்நாயகியிடம், அக்கம்பக்கத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“ஐயாவுக்கு நேத்துதான் நகம் வெட்டிவிட்டேன்மா. நீங்களும் வெட்டிக்கங்க.”

வெட்டிக்கொள்ளவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாள். ஆனால் மறுநாள் செவ்வாய்க்கிழமை, நகம் வெட்டுகிற நாளா அது. புதன் கயலோடு கடைக்குப் போனதில் மறந்தது. வியாழன் ஞாபகம் வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. வெள்ளி கூடவே கூடாது. சனியும் ஆகாது. ஞாயிறு விருந்தாட்கள். அதற்கப்புறம் அமாவாசை, அப்புறம் மறுபடியும் செவ்வாய். நாள் பார்த்துப் பார்த்தே நகம் வளர்ந்தது. ரோசாலிக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, அவள் வேதக்காரி, நினைத்த நாளில் ஐயாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே வெட்டுவாள். வீட்டுக்குள் நகம் விழுந்தால் தரித்திரம் என்று தையல்நாயகி முணுமுணுத்தால், ஒரு துண்டுகூட விடாமல் பேப்பரில் மடித்து எடுத்துட்டேன்மா என்று காட்டுவாள். கயல் ஊருக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இந்தப் பதினோரு நாளில் இரண்டு தடவை. போன சனிக்கிழமை ஒன்று, முந்தாநாள் ஒன்று. இப்போது பழி போட வீட்டில் யாரும் இல்லை என்பது முந்தாநாள் சாயந்திரம்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் முதலில் செய்த காரியம், அவருக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டது.

கஞ்சி ஆறியிருந்தது. உள் ரூமுக்குள் எடுத்துப் போனாள். ஹாலில் முபாரக் செல்போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார், ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம் என்று. அந்தக் குரல் பக்கத்திலேயே கேட்டது அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஆள் இருக்கும்போது எதுவும் நடக்காது என்று நினைத்தாள். நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். என்னங்க, கஞ்சி என்றாள். கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, அசைவு இருக்கிற இடது கையை மெதுவாக நெஞ்சுக்கு மேலே கொண்டுவந்து, விழுந்த வலது கையை அக்குளோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார். அவள் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. கரண்டியைத்தான் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிரம்பைப் பார்த்த பிள்ளை கையை ஒளித்துக்கொள்ளுமே, அப்படி. ஆறடி உயரம், எழுபத்திரண்டு வயசு, கம்பத்தில் ஏறி நின்று புயல் அடித்த மறுநாள் ஊருக்கே லைன் கொடுத்தவர். அவளுக்கு இரக்கம் வரவேண்டும். வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வந்தது கோபம். என்னைப் பார்த்து ஒளிக்கிறாயா, நான் என்ன பேயா, ரெண்டு வருஷமாக உன் மலத்தை அள்ளுகிறவள் நான் என்று உச்சந்தலையில் ஏறியது. கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது. அவள் கை போனது. பொத்தியிருந்த அவர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது, சட்டைக்கு மேலேயே அந்த மெத்தென்ற இடத்தைத் தேடியது. ரயில்வே கேட்டைத் தாண்டி, ஆமாங்க, இடது பக்கம் என்றது ஹாலிலிருந்து குரல். துணிக்கு மேலே விரல்கள் கூடிக் குவிந்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவர் காத்திருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் கை அப்படியே நின்றது. எடுத்தாளா, எடுபட்டதா என்று தெரியவில்லை. தன் கையைத் தானே முகத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் குவிந்தே இருந்தன. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் நிற்கிறார், கதவு திறந்து கிடக்கிறது, பட்டப்பகல். இத்தனையும் தெரிந்தே கை போனது. அப்படியானால் திங்கட்கிழமை புது ஆள் வந்தாலும் போகும். அவள் சாப்பிடப் போகிற அரை மணியில் போகும். அவளும் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டுவாள், அவளுக்கு அடுத்தவளும் தாண்டுவாள். பீரோ நின்ற இடத்திலேயே நிற்கும். சிக்னல் வராது. இவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார், இவரோ நானோ செத்தொழிகிறவரைக்கும். ஐயோ, யாராவது என்னைப் பாருங்களேன் என்று அவளுக்குள் ஒன்று கதறியது. வெளியே வந்ததென்னவோ சாதாரணக் குரல்தான்.

“முபாரக் தம்பி, அந்த ஒயரை உள்ள இழுத்துடுங்க.”

சுவர் வீணாகும் என்றீர்களே என்று அவர் கேட்கவில்லை, மணியைப் பார்த்துக்கொண்டு டிரில்லிங் மெஷினை எடுத்தார். செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. ஒயர் ஓட்டைக்குள் நுழைந்து கட்டிலுக்கு மேலே சுவரில் எட்டிப் பார்த்தது. சிங்காரவேலு கண்ணைத் திறந்து அதையே பார்த்தார். முபாரக் கிளிப் அடிக்கும்போது சாண் வைத்து அளந்து அடித்தார், சார் பாக்கறாரு, கோணலாப் போனா எழுந்து வந்துடுவாரு என்று சொல்லிக்கொண்டே. பெட்டி ஏறியது. கேமராவை எதிர்ச் சுவர் அலமாரியில் வைத்துவிட்டு, கட்டில் மட்டும் விழுந்தால் போதுமா, இல்லை இந்த நாற்காலியும் விழவேண்டுமா என்று கேட்டார். நாற்காலியும் விழணும் என்றாள். கொஞ்சம் திருப்பினார். சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. கேமராவிலேயே பேச்சும் வருமாம், பொண்ணுக்கு மெசேஜ் போட்டுட்டேன், இப்பப் பேசுவாங்க என்று பையைச் சுருட்டிக்கொண்டு முபாரக் கிளம்பினார். பன்னிரண்டு ஐந்துக்கெல்லாம் அவர் வண்டிச் சத்தம் தெரு முனையில் தேய்ந்தது.

தையல்நாயகி அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். ரோசாலி விட்டுப் போன நகவெட்டி தைல பாட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய பேப்பரை விரித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுது, வீட்டுக்குள்ளே. வலது கை நகத்தை இடது கையால் வெட்டுவது அவளுக்கு எப்போதுமே வராது, நகவெட்டி நழுவி நழுவி விழுந்தது. கட்டை விரல் முடிந்தபோது கேமராவிலிருந்து கரகரவென்று கயலின் குரல் வந்தது. ஆக்லாந்தில் அப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள். நல்லாத் தெரியுதும்மா, அப்பா முகம், நாற்காலி, எல்லாம் தெரியுது என்றாள். அப்பா, இங்க பாருங்க என்றாள். அவர் பார்த்தார். மகள் குரல் இளகியது.

“இதை அந்த ரோசாலி இருந்தப்பவே மாட்டியிருக்கணும்மா.”

ஆள்காட்டி விரல் நகம் பேப்பரில் விழுந்தது. தையல்நாயகி தலையை நிமிர்த்தி அந்த நீல விளக்கைப் பார்த்தாள். பக்கத்தில் கட்டில் சட்டத்தில் இடது கை ஒரு தடவை தட்டியது, பிறகு நின்றது.

“ஆமாண்டி. மாட்டியிருந்தா அவ போயிருக்க வேண்டியதில்ல.”

“என்னம்மா சொல்ற?” என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, “அம்மா, நீ என்ன பண்ற அங்க?” என்றது, இந்தத் தடவை மெதுவாக. தையல்நாயகி பதில் சொல்வதற்கு முன்னால் வலது கையை விளக்குக்கு நேரே தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். வெட்டினது இரண்டு, வெட்டாதது மூன்று. பிறகு கையை மடியில் இறக்கி, நடு விரலை நகவெட்டிக்குள் வைத்தாள்.